எலும்பு நாய்க்குச் சாப்பாடு தானுங்களே, டீச்சர்?

ஆடி நோம்பி முடிந்த மறு திங்கள்கிழமை. காற்று, வகுப்பறை ஜன்னலைச் சாத்தவும் விடாமல் திறக்கவும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, எப்போதும் முதல் பெஞ்சில் கையை உயர்த்தி நிற்கும் மாணவன் ஒருவன் வலது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தான். எடுக்கச் சொன்னேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மஞ்சள் பத்து காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன கண்ணு, அடுப்புல சுட்டுக்கிட்டியா?"

"இல்லீங்க டீச்சர். எங்க மணி கடிச்சிருச்சுங்க. அது வேணும்னு கடிக்கலீங்க."

அவன் அப்பா பல்லடத்தை அடுத்த ஒரு பிராய்லர் கோழிப் பண்ணையில் வேலை பார்க்கிறார். பண்ணை ஷெட்டை ஒட்டிய அறையில்தான் குடும்பம் தங்கியிருக்கிறது. மணி அங்கே காவலுக்கு வளரும் நாய். சனிக்கிழமை கிடா விருந்தில் மிஞ்சிய எலும்பையெல்லாம் இலையோடு அதன் முன்னால் கொட்டியிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் பார்த்தால் நாய் வாயை மூடாமல் நின்றிருக்கிறது. "எச்சி ஒழுகிட்டே இருந்துச்சுங்க. முன்னங்கால்ல வாயைப் பிறாண்டிட்டே இருந்துச்சு. எலும்பு மாட்டிக்கிச்சுன்னு தெரிஞ்சு கையை உட்டேனுங்க" என்றான். பெரிய காரியம் செய்த பெருமை குரலில் கொஞ்சம் இருந்தது.

கடிபட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. சோப்பு போட்டுக் கழுவவில்லை. நாய்க்குத் தடுப்பூசி போட்டதில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, அவன் அம்மாவை வரவழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். குழாயடியில் ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வைத்தார்கள். ஒரு நாள் தாமதமானாலும் கழுவுவது வீணில்லை என்றார் செவிலியர். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட வேண்டும் என்று அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தடுப்பூசி அன்றைக்கே தொடங்கியது: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். நான்கு தேதிகளையும் என் பாடக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பண்ணை வேலைக்குப் போகும் பெற்றோர் மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுவது வழக்கம் என்று செவிலியர் எச்சரித்திருந்தார்.

மாலையில் மணியைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தடித்த கையுறை மாட்டி, வாயில் கயிற்றுச் சுருக்குப் போட்டு, மயக்க ஊசி கொடுத்துப் பார்த்தார். ஆட்டு விலா எலும்புத் துண்டு ஒன்று மேல் அண்ணத்தின் குறுக்கே, இரு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பாலம் போலச் சிக்கியிருந்தது. பையன் சொன்னது சரிதான். ஆனால் டாக்டர் அவன் அப்பாவிடம் சொன்ன விஷயம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

வெறிநோய் என்றாலே நாம் கண்ணில் பட்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் நாயை நினைக்கிறோம். ரேபிஸ் வந்த நாய்களில் ஒரு பகுதி அப்படி ஓடுவதே இல்லை. ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடைத் தசையும் தொண்டைத் தசையும் செயலிழப்பதால் வாய் தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது. பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியதைப் போலவே இருக்கும். பாவம் பார்த்து வாயில் கைவிட்டவர்கள் உண்டு. கடி வாங்காமலேயே, விரலில் இருக்கும் சிறு சிராய்ப்பின் வழியே எச்சில் மூலம் கிருமி ஏறிவிடலாம். நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை என்பது நாம் அறிந்ததே. ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, நம் வகுப்பறையில் இருப்பவர்கள்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். வாய் திறந்தபடி எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்தால், அது வீட்டு நாயே ஆனாலும், தொடாமல் பெரியவரைக் கூப்பிட வேண்டும். நாய் எலும்பு கடித்துக்கொண்டிருக்கும்போது கிட்டே போகவோ, எலும்பைப் பிடுங்கவோ கூடாது. சாதுவான நாயும் அந்த நேரத்தில் சாதுவாக இருக்காது. கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும், பிறகு ஊசி. இவ்வளவோடு பாடத்தை முடித்திருப்பேன். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவன் விடவில்லை.

"எலும்பு நாய்க்குச் சாப்பாடு தானுங்களே, டீச்சர்? அப்புறம் எப்படி மாட்டுச்சு?"

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் வீட்டில் வேலை செய்கிறார். அந்த வீட்டு லேப்ரடார் நாய்க்குக் கடையிலிருந்தே எலும்பு, தோல், காது எல்லாம் பாக்கெட்டில் வருமாம். மறுநாள் காலிப் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். '100 சதவீதம் இயற்கையானது' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இயற்கையாகக் கிடைப்பது எப்படிக் கெடுதல் செய்யும் என்று ஒரு கட்சி. எருக்கம்பாலும் இயற்கைதானே என்று மறு கட்சி. அந்த எருக்கம்பால் பதிலைச் சொன்னவனுக்கு அன்றைக்கு நானே கை தட்டினேன்.

எனக்கும் தெளிவாகப் பதில் தெரியவில்லை. கால்நடை டாக்டரிடம் மறுபடி போனேன், கொஞ்சம் படித்தேன். பல்லடத்தில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. இங்கே அறிவிக்கப்படும் கறிக்கோழி விலையை வைத்துத்தான் தமிழ்நாட்டில் கோழி விலை பேசுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலருடைய வீடு பண்ணையிலோ, கறிக்கடையிலோ, விசைத்தறிக் கூடத்திலோ இருக்கிறது. மூன்று இடத்திலும் காவலுக்கு ஒரு நாய் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எலும்பு அதற்குத்தான்.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் முதலிய தாது உப்புகள். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். தாது கடினத்தைத் தருகிறது, நார் வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. சுவர் கட்டும்போது சிமெண்டும் கம்பியும் செய்யும் வேலைதான். வேகவைக்கும்போது கொலாஜன் சிதைந்து ஜெலட்டினாக மாறி வெளியேறுகிறது. எலும்புச் சாறு ஆறியதும் கெட்டிப்படுவது இதனால்தான். கம்பியை உருவிய சுவரைப் போல எலும்பில் தாது மட்டும் மிஞ்சுகிறது. நாய் கடித்தால் அது வளையாமல் கூர்மையான சிம்புகளாக உடையும். தண்ணீர் சேர்க்காமல் வறுத்தது, நெருப்பில் சுட்டது இன்னும் மோசம். கோழியின் கால், இறக்கை எலும்புகள் மெல்லிய சுவர் கொண்ட குழல்கள் என்பதால் உடையும் இடமெல்லாம் ஊசி முனைதான். அந்தச் சிம்பு தொண்டையில் குத்தலாம், உணவுக்குழாயில் நிற்கலாம். அதைத் தாண்டினாலும், பொடியான எலும்பு பெருங்குடலில் கட்டியாக இறுகி, நாய் மலம் கழிக்க முடியாமல் முக்கித் தவிக்கும். எங்கள் டாக்டர் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி வகையைத்தானாம்.

இதை வகுப்பில் செய்தே காட்டலாம். சமைத்து, சதையை நன்றாகச் சுரண்டி எடுத்த கோழிக்கால் எலும்புகள் நான்கைந்து வேண்டும். இரண்டை வெள்ளை வினிகரில் மூழ்க வைத்து, நாளுக்கொரு முறை வினிகரை மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் தாது கரைந்து, எலும்பு ரப்பர் போல வளையும். இன்னொன்றை ஆசிரியரே அடுப்பு நெருப்பில் நன்றாகச் சுட்டு ஆறவைத்து, துணியில் சுற்றி உடைக்க வேண்டும். அது நொறுங்கும். ஒன்றில் நார் மட்டும் இருக்கிறது, மற்றொன்றில் தாது மட்டும் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் எலும்பு மண்டலம் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பச்சை எலும்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வீட்டில் என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "எங்க காலத்துல நாயி எலும்பு திங்காம என்னத்தத் தின்னுச்சு? எத்தனை நாயி செத்துச்சு?" என்றார். வகுப்பிலும் இதே கேள்வியை ஒருவன் கேட்பான், தயாராக இருங்கள். கேள்வி நியாயமானது. எலும்பு தின்னும் நாய்களில் பெரும்பாலானவை ஒன்றும் ஆகாமல்தான் இருக்கின்றன. நாயின் இரைப்பை அமிலம் வலுவானது, சிறு துண்டுகளைக் கரைத்துவிடும். ஆனால் அம்மா எண்ணியது பிழைத்த நாய்களை மட்டும்தான். அந்தக் காலத்தில் உடம்புக்கு முடியாத நாய் கிளுவை வேலிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், இரண்டு நாள் கழித்து நாற்றம் வரும். பாம்பு கடித்திருக்கும் என்று சொல்லி மண்ணைத் தள்ளுவார்கள். எதனால் செத்தது என்று யாரும் வயிற்றை அறுத்துப் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணி முடிவுக்கு வருவதன் ஆபத்தைச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கணக்குப் பாடத்திலும் கிடைக்காது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் பச்சையாகவே கொடுத்துவிடலாமே? கொலாஜன் கெடாத பச்சை எலும்பு சிம்பாக உடைவது குறைவுதான். பிரேசிலில் எட்டு பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. பற்களில் படிந்த காரை கணிசமாகக் குறைந்திருந்தது. எனவே பச்சை எலும்பால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. மறுபக்கமும் இருக்கிறது. கறிக்கடைகளில் நாய்க்கென்று கேட்டால் கோழிக் கழுத்தும் காலும் மலிவாகக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர், கால்கள் செயலிழந்து விழும் ஒருவகை நரம்பு நோய் வந்த 27 நாய்களையும் நோயில்லாத 47 நாய்களையும் ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைக் கோழிக்கறி, குறிப்பாகக் கழுத்து, தின்ற நாய்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாவே காரணமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். அது கோழியின் குடலில் சாதாரணமாக வாழும் கிருமி. கோழிக்கு ஒன்றும் செய்யாது.

இந்த இடத்தில் பேச்சு நாயிடமிருந்து பிள்ளைகளிடம் வந்துவிடுகிறது. 2019இல் அமெரிக்காவில், நாய்கள் கடிப்பதற்காக விற்கப்பட்ட காய்ந்த பன்றிக் காதுகளிலிருந்து சால்மோனெல்லா பரவி, 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் நோயுற்றார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் யாரும் அந்தக் காதைத் தின்றிருக்க மாட்டார்கள். நாய்க்குக் கொடுத்த கை, நாய் நக்கிய முகம், எலும்பு கிடந்த தரை, இப்படித்தான் வந்திருக்கும். காயவைத்ததாலோ பாக்கெட்டில் அடைத்ததாலோ கிருமி செத்துவிடுவதில்லை. நம் ஊரில் நாய்க்கு எலும்பு போடும் வேலை வீட்டில் யாருடையது என்று வகுப்பில் கேட்டேன். ஏறத்தாழ எல்லாக் கையும் உயர்ந்தது. கை கழுவியது யார் என்று கேட்டபோது பாதி கைகள் இறங்கின. மீதிப் பாதியை நான் நம்பவில்லை.

பாக்கெட்டில் வருபவற்றைப் பற்றி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல், கடையில் விற்கும் பதப்படுத்திய எலும்புகளைப் பற்றி 68 புகார்கள் வந்ததாகவும் சுமார் 15 நாய்கள் இறந்ததாகவும் தெரிவித்து, எலும்பு வேண்டாம் என்று மக்களை எச்சரித்தது. புகைபோட்டதும் சுட்டதுமான எலும்புகள் அவை. சமைத்த எலும்புக்குச் சொன்னதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

வெள்ளையாக முடிச்சுப் போட்டு, எலும்பு வடிவில் விற்பது எலும்பே அல்ல, தோல். ஈரோடு, திண்டுக்கல், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாட்டுத் தோலையோ எருமைத் தோலையோ சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, இரண்டு அடுக்காகப் பிரிக்கிறார்கள். மேலடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகும். உள்ளடுக்கைப் பதனிடாமல் கழுவி, பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்து, சுருட்டிக் காயவைத்தால் நாய் கடிக்கும் தோல் தயார். நிதானமாகக் கடிக்கும் நாய்க்கு இது பொழுதுபோக்கு. அவசரக்கார நாய் பெரிய துண்டைப் பிய்த்து விழுங்கிவிடும். மெதுவாகத்தான் செரிக்கும். ஈரத்தில் உப்பும் பொருள் என்பதால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான்.

மாட்டுக் குளம்பு, எருமைக் கொம்பு, நேபாளத்திலும் டார்ஜிலிங் பக்கமும் யாக் பாலில் செய்யும் கல் போன்ற சுர்பி என்னும் பாலாடைக்கட்டி ஆகியவையும் விற்பனைக்கு வருகின்றன. இவை சிம்பாகக் குத்துவதைவிடப் பல்லை உடைப்பதற்குத்தான் அதிகம் பெயர்பெற்றவை. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றில் மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோல் போல வேலை செய்யும். அந்த மேல்பல்தான் அடிக்கடி பலகை பெயர்ந்தாற்போல உடைவது. நாய்ப்பல்லின் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாவிட்டால் அது நாய்ப்பல்லுக்கு ஆகாது என்று கால்நடைப் பல் மருத்துவர்கள் ஒரு சோதனை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான். மேசை, அடிக்குச்சி, சாக்பீஸ் என்று அன்று முழுவதும் எல்லாவற்றையும் நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். வெளிநாடுகளில் மான் கொம்பும் நாய்க்கு விற்கிறார்கள். நம் நாட்டில் மான் கொம்பை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தானாக விழுந்த கொம்பு என்றாலும் விலக்கில்லை.

பாக்கெட்டில் அச்சிட்ட 'இயற்கை' என்ற சொல் இதில் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லவில்லை. வெந்ததா, நகத்துக்கு மசிகிறதா, முழுதாக விழுங்கும் அளவா, நாய் கடிக்கும்போது பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பாரா, கொடுத்த கையைக் கழுவியாயிற்றா என்று கேட்டால்தான் ஏதாவது தெரியும். எதைக் கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டேன். எலும்பிலிருந்து முழுதாகப் பிரித்த, மசாலா படாத வெந்த கறியும் சோறும் போதும் என்றார். வெங்காயம் சேர்ந்த குழம்பு நாய்க்கு ஆகாது. பல் சுத்தத்துக்கு நாய்க்கான பற்பசையும் தூரிகையும் உண்டு. பண்ணைக் காவல் நாய்க்கு யார் பல் தேய்த்துவிடுவார்கள் என்று நான் கேட்டதற்கு அவரும் சிரித்தார். கடிப்பதற்கு ஏதாவது வேண்டுமென்றால், நாயின் வாயைவிடப் பெரிய, வளையக்கூடிய ரப்பர் பொம்மை. எலும்பு தின்ற நாய் திரும்பத் திரும்ப ஓங்கரித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் முக்கிக்கொண்டு நின்றாலோ ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

எலும்பை நாய்க்குப் போடாவிட்டால் எங்கே போடுவது? இதைக் கேட்டதும் ஒரு மாணவிதான். தெருவில் கொட்டினால் தெருநாய்கள் கூடும். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் கூட்டமாக ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கறிக்கடைக் கழிவை வெளியில் கொட்டுவதும் ஒரு காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கலாம் என்று வகுப்பு முடிவு செய்தது. மண்ணுக்குப் பாஸ்பரஸ் கிடைக்கும் என்று சேர்த்துக்கொண்டது நான்.

பீகாரிலிருந்து வந்து தறிக்கூடத்தில் தங்கியிருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் இதையெல்லாம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்காகவே, கடிபட்டால் செய்ய வேண்டியதைப் படமாக வரையச் சொன்னேன். குழாய், சோப்பு, கடிகாரத்தில் 15 நிமிடம், ஊசி, நான்கு எண்கள். எல்லாவற்றையும்விட நன்றாக வரைந்தவன் அவன்தான். தமிழிலும் இந்தியிலும் எழுதிச் சத்துணவுக் கூடத்துப் பக்கச் சுவரில், கை கழுவும் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

மணியைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பதினோராம் நாளும் நன்றாகச் சாப்பிட்டது, குரைத்தது. அதன் பிறகு அதற்குத் தடுப்பூசி போட்டார்கள். பையனுக்கு 28ஆம் நாள் ஊசி ஒரு திங்கள்கிழமை வந்தது. பண்ணையில் அன்று கோழி ஏற்றும் நாள், அம்மா வர முடியவில்லை. அவனே காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "டீச்சர், நாலாவது இன்னிக்குங்க" என்றான்.